ஆபத்து வேளையில் அடுத்திருப்பவர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேற்கே செல்லும் சாலை கோமுகி அணையைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. வளைவுகள் பல கடந்து வெள்ளிமலையை அடைந்தால் அதுவே கல்வராயன் மலையின் நடுவிடம். அங்கிருந்து சிற்றூர்களுக்குப் பிரியும் வழிகளுள் சில தார்ச்சாலைகள், சில மண்பாதைகள், சில வெறும் ஒற்றையடித் தடங்கள். சாலை முடியும் இடத்தில் வண்டியும் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் பேறுகால வலியில் துடிக்கும் தாயையும், பாம்பு தீண்டிய உழவரையும் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் தூளி கட்டி, இருவரோ நால்வரோ தோள்கொடுத்துத் தூக்கி வரும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது.

அப்படித் தோள்கொடுப்பவர் யார்? அவர் மருத்துவர் அல்லர். அரசு ஊழியரும் அல்லர். கூலி பெறுபவரும் அல்லர். அண்டை வீட்டார், உறவினர், வழியில் எதிர்ப்பட்டவர். உலக வரலாற்றில் அவசர மருத்துவ உதவி என்பது இத்தகையோரிடமிருந்தே தொடங்கியது. இன்று நாம் ஆம்புலன்ஸ் என்றும் அவசர சிகிச்சைப் பிரிவு என்றும் அழைப்பவை எல்லாம் அந்தத் தோளுக்குப் பின்னர் வந்தவையே. அவ்வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது, பொதுநிலையினராகிய நம் கடமை எது என்பதைத் தெளிவுபடுத்தும்.

மலையும் மருத்துவமும்

கல்வராயன் மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயர் அவ்வாறிருப்பினும் அவர்கள் பேசுவது தமிழே. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்தாரர்களின் ஆட்சியில் இம்மலை நெடுங்காலம் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் இது அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் இங்குக் காலந்தாழ்த்தி வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சமவெளியின் நிலையும் முன்னர்ப் பெரிதாக வேறுபட்டிருக்கவில்லை. கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதே தென்னார்க்காட்டின் திண்டிவனத்தில், 1890-களில் ஒரே இரவில் மூன்று வீட்டார் தம் வீட்டுப் பெண்களின் பேறுகாலத் துன்பத்துக்கு உதவி தேடி ஒரு மிஷனரியின் இல்லத்துக்கு வந்தனர். ஆண் மருத்துவர் தொடுவதற்கு அவர்கள் வழக்கம் இடந்தரவில்லை. அவருடைய மகளோ மருத்துவம் படித்தவர் அல்லர். மூன்று பெண்களும் இறந்தனர். அந்த மகள்தான் பின்னர் மருத்துவம் பயின்று வேலூரில் பெரும் மருத்துவமனையைக் கண்ட ஐடா ஸ்கடர். அவர் பணியின் வரலாறு உலகறிந்தது. ஆயினும் அந்த இரவு கற்பித்த பாடம் ஒன்று அடிக்கடி மறக்கப்படுகிறது. அம்மூன்று வீடுகளிலும் அன்பு இருந்தது. ஓடி உதவி தேடும் கால்கள் இருந்தன. அருகில் மருத்துவரும் இருந்தார். வீட்டுக்குள் சென்று தொட்டு உதவும் பயிற்சி பெற்ற ஒரு கை மட்டுமே இல்லை.

நம் சிற்றூர்களில் அந்தக் கையாக விளங்கியவர் மருத்துவச்சி. நள்ளிரவிலும் மழையிலும் அழைத்தவுடன் எழுந்து வந்தவர் அவர். அவர் பெரும்பாலும் முடிதிருத்தும் குலத்தைச் சேர்ந்த பெண். ஊரில் பிறந்த குழந்தைகளையெல்லாம் முதலில் ஏந்திய அந்தக் கைகளையே, தீட்டுடையவை என்று அந்த ஊர் விலக்கி வைத்ததும் உண்டு. ஆபத்தில் தொடவேண்டும், ஆபத்து நீங்கியபின் தொடக்கூடாது என்னும் இந்த முரண் நம் சமூக வரலாற்றின் ஒரு கசப்பான பக்கம்.

எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை ஒரு முதலுதவியாளரின் கண்ணோடு படித்தால் புதியதொரு பொருள் புலப்படும். சமாரியர் காயமுற்றவரைக் கண்டு இரங்கியதோடு நிற்கவில்லை. அருகில் சென்றார், காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார், தம் விலங்கின்மேல் ஏற்றினார், சத்திரத்தில் சேர்த்தார், செலவுக்குப் பணம் கொடுத்து, திரும்பி வருவதாகவும் உறுதி கூறினார். நெருங்குதல், முதலுதவி செய்தல், ஏற்றிச் செல்லுதல், உரியவரிடம் ஒப்படைத்தல், தொடர்ந்து கவனித்தல் என இன்றைய அவசர மருத்துவப் பணியின் படிகள் அனைத்தும் அதில் வரிசையாக அமைந்திருக்கின்றன. அவரிடம் எண்ணெயும் மதுவும் இருந்தன என்பதையும், காயத்தை எவ்வாறு கட்டுவது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அவருடைய இரக்கத்தோடு அறிவும் சேர்ந்திருந்தது.

இவ்வுவமையைத் திருச்சபை வெறும் மறையுரைப் பொருளாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் எருசலேமில் திருப்பயணிகளுக்கென எழுந்த விடுதியிலிருந்து புனித யோவான் மருத்துவத் துறவற வீரர்கள் சபை தோன்றியது. 1113-இல் திருத்தந்தை இரண்டாம் பாஸ்கால் அதற்கு ஒப்புதல் அளித்தார். இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், 1244-இல் தோன்றியதாக மரபு கூறும் இரக்கத்தின் சபை முழுக்க முழுக்கப் பொதுநிலையினரின் பக்தசபை. அதன் உறுப்பினர்கள் நோயுற்றோரைத் தோளில் சுமந்து மருத்துவமனை சேர்த்தனர். இறந்தோரை அடக்கம் செய்தனர். தாம் யார் என்று பிறர் அறியாதபடி முகத்தை மறைக்கும் கறுப்பு அங்கியை அணிந்தே அவர்கள் பணிசெய்தனர். உதவியவர் பெயரை உதவி பெற்றவர் அறிய வேண்டியதில்லை என்பது அவர்கள் கொள்கை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாகியும் அச்சபை மறையவில்லை. அதன் தொண்டர்கள் இன்று ஆம்புலன்ஸ் ஓட்டுகின்றனர்.

நம் குடும்பங்களில் ஞானப்பிரகாசம் என்னும் பெயர் எத்தனை பேருக்கு உண்டு! அப்பெயருக்குரிய புனித அலோசியுஸ் கொன்சாகா, 1568-இல் வட இத்தாலியின் கஸ்தில்யோனே என்னும் ஊரில் உயர்குடியில் பிறந்தவர். உரோமையில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளைத் தாமே சுமந்து சென்று பணிவிடை செய்தார். அந்நோய் தொற்றி 1591-இல், தம் 23-ஆம் வயதில் இறந்தார்.

அதே கஸ்தில்யோனே ஊர் 1859 ஜூன் 24 அன்று சோல்ஃபெரினோ போரின் காயமுற்றோரால் நிரம்பியது. வண்டிவண்டியாக வந்த வீரர்களைக் கவனிக்க மருத்துவர் போதவில்லை. கோயில்களே மருத்துவமனைகள் ஆயின. ஊர்ப் பெண்கள் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து, இவர் நம்மவர், அவர் பகைவர் என்னும் வேறுபாடு பாராது பணிவிடை செய்தனர். வணிக அலுவலாக அவ்வழியே வந்திருந்த ஹென்றி டூனாண்ட் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர் அவர்களோடு சேர்ந்துகொண்டார். அவர் அந்த அனுபவத்தை 1862-இல் நூலாக எழுதினார். நல்லெண்ணம் நிறைந்திருந்தும் பயிற்சியும் முன்னேற்பாடும் இல்லாததால் பலர் வீணே இறந்தனர் என்பதை அவர் கண்டிருந்தார். எனவே அமைதிக் காலத்திலேயே தொண்டர்களைத் திரட்டிப் பயிற்றுவிக்க வேண்டும் என்று அந்நூலில் வேண்டினார். 1863-இல் செஞ்சிலுவை இயக்கம் அவ்வேண்டுகோளிலிருந்து பிறந்தது. பின்னர் இங்கிலாந்தில் 1877-இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் அமைந்தது. சுரங்கத் தொழிலாளர், இரயில்வே ஊழியர், காவலர் போன்ற எளியோருக்கு முதலுதவி கற்பிப்பதே அதன் நோக்கம். மருத்துவ அறிவில் ஒரு பகுதி அனைவருக்கும் உரியது என்னும் எண்ணம் அவ்வாறு வேரூன்றியது.

சித்திலிங்கி காட்டிய வழி

நம் நாட்டில் இவ்வெண்ணத்தைச் சிற்றூருக்குக் கொண்டுசென்றோருள் ராஜ் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் குறிப்பிடத்தக்கவர்கள். வேலூரில் பயின்ற இவ்விரு கிறிஸ்தவ மருத்துவர்களும் 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடு என்னும் வறண்ட பகுதியில் பணி தொடங்கினர். ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்து பயிற்சியளித்தனர். அப்பெண்களுள் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஒடுக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்தோரும் இருந்தனர். எந்தக் கையைத் தீட்டென்று ஊர் விலக்கியதோ அந்தக் கையையே ஊர் தேடி வரும் நிலையை அப்பணி உண்டாக்கியது. 1979-இல் அத்தம்பதியருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

நமக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தருமபுரி மாவட்டத்தில் சித்திலிங்கிப் பள்ளத்தாக்கு அமைந்திருக்கிறது. காந்திகிராமத்தில் பணியாற்றிய ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் 1993-இல் அங்குச் சென்று, ஒரு கூரைக் குடிசையில் டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்னும் அமைப்பைத் தொடங்கினர். அக்காலத்தில் அப்பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. ஏறத்தாழ ஏழு தொட்டில்களுக்கு ஒரு தொட்டில் வெறுமையாயிற்று.

அத்தம்பதியர் வெளியூரிலிருந்து செவிலியரை வரவழைத்து நிரப்பவில்லை. அப்பள்ளத்தாக்கின் பழங்குடி இளம்பெண்களுக்கே செவிலியப் பயிற்சி தந்தனர். அதோடு ஒவ்வோர் ஊரிலும் மக்கள் மதிக்கும் மூத்த பெண் ஒருவரை ஊராரே தேர்ந்தெடுக்கச் செய்து, அவருக்கு உடல்நலக் கல்வி அளித்தனர். பேறுகாலத்தில் எது இயல்பு, எது ஆபத்து என்பதையும், பிறந்த குழந்தையை எவ்வாறு வெதுவெதுப்பாகக் காப்பது என்பதையும், எந்நேரத்தில் தாமதியாது மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும் என்பதையும் அப்பெண்கள் கற்றனர். ஆண்டுகள் செல்லச் செல்லக் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 20 என்னும் அளவுக்குக் குறைந்தது. குடிசை முழுமையான மருத்துவமனையாக வளர்ந்தது. ஆயினும் மருத்துவமனை மட்டுமே இம்மாற்றத்தைச் செய்ததாகக் கூறிவிட இயலாது. மருத்துவமனைக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே நின்ற அந்த மூத்த பெண்களின் பங்கு அதில் பெரிது.

கருணாபுரம் எழுப்பும் கேள்வி

இடைப்பட்ட காலத்தில் அரசும் பல நற்செயல்களைச் செய்துள்ளது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது.

இவ்வளவும் இருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்த 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அன்றாடக் கூலித் தொழிலாளர்கள். மெத்தனாலின் கொடுமை அதன் தாமதத்தில் இருக்கிறது. குடித்தவுடன் அது சாதாரணப் போதையைப் போலவே தோன்றும். உடலுக்குள் சென்றபின் அது மெல்ல மெல்லப் பார்மிக் அமிலமாக மாறும். பல மணி நேரம் கழித்தே, சில வேளைகளில் ஒரு நாள் கழித்தே, கண் மங்குதலும் வயிற்று வலியும் மூச்சுத் திணறலும் வெளிப்படும். அந்த இடைவெளிக்குள் மருத்துவமனையை அடைந்தால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரையும் பார்வையையும் காக்கக்கூடும்.

கள்ளச்சாராயம் காய்ச்சியவரின் குற்றமும், அதைத் தடுக்கத் தவறியவரின் குற்றமும் தனியே நிற்கின்றன. அவற்றை எவரும் குறைத்துக் கூற இயலாது. ஆனால் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. இரண்டு மூன்று வீடுகளில் ஒரே அறிகுறி தோன்றும்போது, இது நஞ்சாக இருக்கக்கூடும் என்று ஐயுறவும், இன்னும் நலமாகத் தோன்றும் ஏனையோரையும் உடனே கிளம்பச் சொல்லவும் தெரிந்த ஒருவர் நம் தெருக்களில் இருக்கின்றாரா? அவர் சொன்னால் கேட்கும் அளவுக்கு அவர்மீது தெருவுக்கு நம்பிக்கை இருக்கின்றதா? குடித்தவன் என்று பழிப்பார்களே, காவலர் பிடிப்பார்களே என்னும் அச்சமின்றி அவரிடம் உண்மையைச் சொல்ல முடியுமா?

அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், கல்வி முதலியவை அம்மக்களின் உரிமைகள் என்பது அதனால் மீண்டும் நாட்டின் கவனத்துக்கு வந்தது. இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தொண்டர் இருக்கின்றார் என்பதற்காகச் சாலை வேண்டாம் என்றாகிவிடாது; தூளி தூக்கும் தோள்கள் இருக்கின்றன என்பதற்காக ஆம்புலன்ஸ் தேவையில்லை என்றாகிவிடாது. சமாரியருக்கும் ஒரு சத்திரம் தேவைப்பட்டது. சத்திரம் இல்லையேல் அவர் கட்டிய கட்டு வீணாகியிருக்கும். அவ்வாறே, வழியில் அவர் நின்றிராவிடில் சத்திரம் இருந்தும் பயனில்லை. மலைக்குச் சத்திரத்தைக் கேட்டுப் பெறவும், சமவெளியில் சமாரியரை உருவாக்கவும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

சட்டமும் இன்று நமக்குத் துணை நிற்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு உதவினால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்னும் அச்சம் பலரை விலகிச் செல்லவைத்தது. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில், உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-அ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர்மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடரலாகாது என்று பாதுகாப்பளிக்கிறது. அவரை அச்சட்டம் ‘குட் சமாரிட்டன்’ என்றே பெயரிட்டு அழைக்கிறது. நற்செய்தியின் ஒரு சொல் நம் நாட்டுச் சட்டநூலில் இடம்பெற்றிருக்கும்போது, நற்செய்தியை ஞாயிறுதோறும் கேட்கும் நாம் பின்தங்கி நிற்கலாமா?

திருச்சபை முன்பே அறிந்த வழி

இதற்கு முற்றிலும் புதிய வழி ஒன்றைத் தேட வேண்டியதில்லை. நம் திருச்சபையின் பழைய நடைமுறை ஒன்றிலேயே அவ்வழி அடங்கியிருக்கிறது. அது ஆபத்து வேளைத் திருமுழுக்கு.

திருமுழுக்கு அளிப்பது வழக்கமாக அருள்பணியாளரின் பணி. ஆனால் குழந்தை சாகும் தறுவாயில் இருக்கும்போது அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சரியான கருத்தோடு எவரும் அதை அளிக்கலாம். 1614-இல் வெளிவந்த உரோமைத் திருச்சடங்கு நூல், இம்முறையை இறைமக்களுக்கு, சிறப்பாக மருத்துவச்சிகளுக்கு, நன்கு கற்பிக்குமாறு பங்குத்தந்தையரைப் பணித்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் 861-ஆம் எண்ணில் இக்கடமையை மேய்ப்பர்களுக்கு நினைவூட்டுகிறது.

இதன் உட்பொருளைச் சிந்திப்போம். ஆன்மாவின் ஆபத்து வேளையில் உரியவர் தொலைவில் இருப்பார், அடுத்திருப்பவர் அருகில் இருப்பார் என்பதைத் திருச்சபை உணர்ந்திருந்தது. ஆகவே அடுத்திருப்பவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விடாமல், ஆபத்து வருமுன்பே அவருக்குக் கற்றுக்கொடுத்தது. அதே ஞானத்தை உடலின் ஆபத்துக்கும் விரிப்பது இயல்பான அடுத்த படியே அன்றோ? இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் உதவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. பெருகும் இரத்தத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்கப் பட்டம் தேவையில்லை. பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுக்கவோ கீறவோ கூடாது, முறிந்த எலும்பைப் போல அசையாது கட்டி விரைந்து மருத்துவமனை சேர்க்க வேண்டும் என்பதைக் கற்க ஒரு பிற்பகல் போதும்.

ஒவ்வோர் அன்பியத்திலும் ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக இருவர் இப்பயிற்சியைப் பெறலாம். பங்கில் உள்ள செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரும் கற்பிக்கலாம். நம் பள்ளிகளில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கங்கள் பெயரளவில் நின்றுவிடாமல் இயங்கச் செய்யலாம். ஆண்டுக்கொரு முறை கற்றதைப் புதுப்பிக்க, நோயாளர் உலக நாளாகிய பிப்ரவரி 11 பொருத்தமான நாள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இத்தொண்டர் சாதி பாராது தொடுபவராகவும், சாதி பாராது தொடப்படுபவராகவும் இருக்க வேண்டும். கல்லறையில்கூடச் சுவர் எழுப்பிப் பிரிந்து நின்ற பங்குகள் நம் தமிழ்த் திருச்சபையில் இருந்திருக்கின்றன. மருத்துவச்சியின் கையை வாங்கிக்கொண்டு மனிதரை விலக்கிய பழைய முரணை நாமும் தொடர்ந்தால், எத்தனை பயிற்சி பெற்றும் அது சமாரியரின் பணியாகாது. யூதர் விலக்கி வைத்த ஒருவரையே இயேசு அவ்வுவமையின் நாயகராக்கினார் என்பதை மறவாதிருப்போம்.

கல்வராயன் மலையின் தூளி சுமப்போர் எந்தச் சங்கத்திலும் பெயர் பதிவு செய்தவர்கள் அல்லர். புளோரன்ஸ் நகரத்துத் தொண்டர்களைப் போலவே பெயர் அறியப்படாதவர்கள். அவர்களிடம் இரக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குத் துணையாக அறிவையும் வழியையும் சேர்ப்பது கற்றோராகிய நம் பொறுப்பு. நம் பங்குகளில் அடுத்த ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் கூடும்போது, இதற்கென இருவரைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்குவோம்.